மலைப்பள்ளியின் ஆண்டறிக்கை

(உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு ஒன்று நிறைவுறும்போழ்து ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டறிக்கை படிக்கப்பெறுகின்றது. எத்தனை மாணவர் புதிதாகச் சேர்ந்தனர், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர், எத்தனை அறைகள் கட்டப்பெற்றன, விளையாட்டில் எத்தனை பரிசில்கள் கிட்டின என்று தலைமையாசிரியர் படிக்கின்றார். அவையினர் கைதட்டுகின்றனர். விழா இனிதே முடிகின்றது. பெருநகர்ப் பள்ளிக்கு அவ்வறிக்கை போதும். கொல்லிமலை போன்றதொரு மலையின்மேல் இருக்கும் சிறிய உயர்நிலைப் பள்ளிக்கு அது போதுமா? ஓராண்டில் அப்பள்ளி வளர்ந்தது என்பதை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? இவ்வுரை ஆராய வந்த பொருள் அதுவே.

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1997 சனவரி முதல் நாள் அம்மாவட்டம் அமையும்வரை அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறுகின்றது. மேலே, 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், 14 ஊராட்சிகள் உள. அவற்றின் பெயர்களைத் தமிழன்பர்கள் செவிகுளிரக் கேட்டல் வேண்டும்: வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, சேலூர்நாடு, குண்டூர்நாடு, அரியூர்நாடு, ஆலத்தூர்நாடு, தேவானூர்நாடு, தின்னனூர்நாடு. ஊர்க்கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு நாடு! சோழர் கல்வெட்டுகளிற் காணும் 'நாடு' என்னும் ஆட்சிப்பிரிவின் பெயர் கீழ்நாட்டில் பெரும்பாலும் வழக்கொழிந்து போயிற்று. மலைமேலோ அது மக்கள் வாயில் இன்றும் உயிரோடு உலவுகின்றது.

இந்நாடுகளிற் சிதறிக் கிடக்கும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் நடைபெறுகின்றன. தமிழகம் முழுதும் இத்தகைய பள்ளிகள் 300க்கு மேல் உள. வாழவந்திநாட்டில் மேனிலைப் பள்ளியே உண்டு. ஆயினும் பல ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது காடும் ஓடையும் மேடும் கடந்து நடந்து சேரவேண்டிய இடமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. உண்ணவும் உறங்கவும் இடந்தரும் பள்ளி அவர்களுக்கு ஏன் வேண்டியதாயிற்று என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா.

இங்கே 'பள்ளி' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். பள்ளி என்பதன் முந்திய பொருள் படுக்கை, உறங்குமிடம், உறைவிடம் என்பது. பள்ளியறை, பள்ளியெழுச்சி ஆகிய வழக்குகளில் அப்பொருள் இன்றும் விளங்குகின்றது. பின்னர் அது துறவியர் தங்குமிடத்தைக் குறித்தது. சிராப்பள்ளிக் குன்றின்மேல் சமணத் துறவியர் கிடந்த கற்படுக்கைகளை இன்றும் காணலாம். அத்துறவியர் தம் உறைவிடங்களிலே ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தமையால், உறைவிடத்தின் பெயர் கல்விக்கூடத்திற்கு ஆகிவந்தது என்பர் சொல்லாய்வறிஞர். கொல்லிமலையிலேயே ஒரு பள்ளி உண்டு. தேவாரத்தில் வைப்புத் தலமாகப் பெயர் சுட்டப்பெற்ற அறப்பள்ளி அது. அங்குள்ள இறைவன்மீது பாடப்பெற்றதே அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம்.

ஆகவே, உண்டு உறைவிடப் பள்ளி என்பது புதிதாக வந்த அரசுத் திட்டம் மட்டுமன்று; ஒரு பழஞ்சொல் தன் முழுப்பொருளோடு மீண்டுவந்த இடம். பிள்ளை அச்சமின்றிக் கண்ணயரத்தக்க இடமே பள்ளி. அங்கே அவன் வயிறு நிறைதல் வேண்டும். அவன் பேச்சு நகைக்கப்படாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எத்துணைப் பெரிய கட்டடம் எழுந்தாலும் அது பள்ளியாகாது. வெறுங் கொட்டிலே ஆகும்.

தோழர்களே! கொல்லி என்றவுடன் தமிழன் நெஞ்சில் நிற்பவன் வல்வில் ஓரி. அவனை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். ஓரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் காட்டில் காண்கின்றது. அவன் யாரென்று அறியாமலே பாடத் தொடங்குகின்றது. பாட்டில் தன் பெயர் வரக் கேட்டபோது அவ்வேட்டுவன் நாணுகின்றான். பின்னர் அவர்களுக்கு ஊனும் தேனும் பொன்னும் மணியும் வழங்குகின்றான். புகழைக் கேட்டு நாணியவன், பசித்து வந்தவர்க்கு முதலில் உணவளித்தவன், கொல்லித் தலைவன் ஓரி. அவனைக் காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்கு ஈந்த செய்தியை அகநானூற்றில் கல்லாடனார் கூறுகின்றார்.

அவ்வோரிக்குச் செம்மேட்டில் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடித் திங்கள் 17, 18 ஆகிய இரு நாள்களில் அரசு விழா எடுக்கின்றது. தமிழன்பர்கள் மலையேறுகின்றனர், ஓரியைப் புகழ்கின்றனர், மாலையிடுகின்றனர், இறங்கிவிடுகின்றனர். இரண்டு நாள் ஓரிக்கு உரியவை. எஞ்சிய 363 நாள்கள் யாருக்கு உரியவை? ஓரி ஆண்ட மலையில் இன்று வாழும் பிள்ளை எந்த வகுப்போடு படிப்பை நிறுத்துகின்றது என்று வினவிய தமிழன்பர் எத்தனை பேர்? இது பிறரை நோக்கிய குற்றச்சாட்டன்று. தமிழ் தமிழ் என்று முழங்கும் இயக்கத்தார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

கொல்லிமலை மக்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். கீழ்நாட்டார் பலர் இப்பெயரைக் கேட்டதும் சேரநாட்டுப் பக்கம் கைகாட்டுவர். அது பிழை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள். அவர் தாய்மொழி தமிழ். தம் முன்னோராகிய உடன்பிறந்தார் மூவர் காஞ்சியிலிருந்து மலைகளுக்குக் குடிபெயர்ந்தனர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகப் பழங்குடியினருள் தொகையில் முதலிடம் மலையாளி மக்களுக்கே; அவர் மூன்றரை இலக்கத்திற்கும் மேற்பட்டவர். அதே கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவோ 54 விழுக்காடு. தமிழே தாய்மொழியாகக் கொண்ட ஒரு மக்கட்கூட்டம், தமிழே வழங்கும் நாட்டில், தமிழெழுத்தை அறியாது நிற்குமாயின் அக்குறை யாருடையது? கற்காதவருடையது மட்டுமன்று; கற்பிக்கச் செல்லாதவருடையதும் ஆகும்.

இதற்குச் சான்றாக ஒரு வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும். இங்கிலாந்தில் பிறந்த செசி பிராண்டு என்பார் 1913இல் தம் துணைவியார் ஈவிலினோடு கொல்லிமலையில் குடியேறினார். அவர் சமயப் பணிக்கென வந்தவர், அது வெளிப்படை. ஆயினும் அவர் தமிழைக் கற்றார், மலைமக்களுக்கு மருந்து கொடுத்தார், பள்ளிகள் நிறுவினார், தச்சும் வேளாண்மையும் கற்பித்தார். 1929இல் முறைக்காய்ச்சலின் கொடிய வகையொன்றால் மாண்டார். அம்மையாரோ முதுமையிலும் மலைகளை விட்டு நீங்காமல் உழைத்து, 1974இல் தம் 95ஆம் அகவையில் மறைந்தார். அவர்தம் மகன் பால் பிராண்டு 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து, உலகம் போற்றும் மருத்துவரானார்.

அவருடைய சமயத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். இங்குக் கருதவேண்டியது வேறு. கடல்கடந்து வந்தவர், முன்பின் அறியாத தமிழை எழுத்தெழுத்தாகக் கற்று, வண்டி ஏறாத மலையில் நடந்தே ஏறினார். தமிழைப் பிறப்பிலேயே பெற்றவரும் புலமைப் பட்டம் பெற்றவரும் பேருந்து ஏறும் மலைக்கும் ஆடித் திங்களில்தான் செல்கின்றனர். மேலும், அம்மலையில் வளர்ந்த அயல்நாட்டார் மகன் உலக மருத்துவரானார். அதே மலையில் பிறந்த மலைக்குடிப் பிள்ளைக்கு அத்தகைய அறிவு இல்லையா? அறிவு உண்டு. பள்ளி என்னும் படி இடையிலே முறிந்துகிடக்கின்றது. முறிந்த இடம் எது என்று காண்டல் வேண்டும்.

2009இல் இயற்றப்பெற்று, 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம், 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்தது. நன்று. ஆனால் 14 அகவை என்பது எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை கால்வைக்கும்போது சட்டத்தின் கை விட்டுப்போகின்றது. உயர்நிலைப் பள்ளி தொடங்குவதோ சரியாக அவ்விடத்தில்! அந்த அகவையில்தான் ஆண்பிள்ளையின் தோள், கூலி வேலைக்குப் போதுமானது என்று கணக்கிடப்படுகின்றது. அந்த அகவையில்தான் பெண்பிள்ளைக்கு மணப்பேச்சு எழுகின்றது. காரவள்ளியிலிருந்து மேலேற 70 வளைவுகள் என்றால், எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு ஏறுவது 71ஆம் வளைவு. பேருந்து கவிழாத அவ்வளைவில் பிள்ளைகளின் வாழ்வு கவிழ்ந்துவிடுகின்றது.

எனவே மலைப்பள்ளியின் வளர்ச்சிக்கு முதல் அளவுகோல் இது: சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் இருந்தோருள் எத்தனை பேர் இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பில் உளர்? அவருள் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? வராதவர் எங்கே? அவர் வீட்டுக்கு ஆசிரியர் ஒருவராவது சென்று வந்தாரா? புதிதாகச் சேர்ந்த ஐம்பதின்மரைப் படித்துக் கைதட்டு வாங்குதல் எளிது. நின்றுவிட்ட ஐவரின் பெயரைப் படித்து, அவரை மீண்டும் அழைத்துவந்தோம் என்று சொல்லும் அறிக்கையே வளர்ச்சி அறிக்கை. 14 அகவை எய்திய ஒரு பெண்பிள்ளை மணப்பந்தலுக்குச் செல்லாமல் ஒன்பதாம் வகுப்புக்குச் சென்றாள் என்றால், அப்பள்ளி அவ்வாண்டில் ஓர் அடுக்கு மாளிகை கட்டியதினும் பெரிதாக வளர்ந்துவிட்டது என்க.

இரண்டாவது அளவுகோல் மொழியைப் பற்றியது. நடுவணரசு 1997–98 முதல் பழங்குடிப் பிள்ளைகளுக்கென ஒரு வகை உறைவிடப் பள்ளியை நடத்திவருகின்றது. கொல்லிமலைச் செங்கரையிலும் அத்தகைய பள்ளி உண்டு. பள்ளி வந்தது நன்று. ஆனால் அதற்குச் சூட்டிய பெயரோ 'ஏகலைவா'! ஏகலைவன் யார்? வில்லில் வல்ல வேட்டுவச் சிறுவன். கற்பிக்காத ஆசிரியன் கூலி மட்டும் கேட்டான். கேட்ட கூலி சிறுவனின் வலக்கைக் கட்டைவிரல். வல்வில் ஓரி ஆண்ட மலையில், வில்லெடுத்த கையால் வாரி வழங்கிய ஒருவன் பெயர் இருக்க, விரலிழந்தவன் பெயர் எதற்கு? பெயரை மாற்றுவது அரசின் கையில் உள்ளது. விரலைக் கேளாதிருப்பதோ ஆசிரியர் கையில் உள்ளது.

இக்காலத்தில் எந்த ஆசிரியரும் விரலைக் கேட்பதில்லை. நாவைக் கேட்கின்றனர். மலைப்பிள்ளை வாய் திறந்தவுடன் அவன் பேச்சைக் கேட்டு நகைக்கும் வகுப்பு எதுவாயினும், அது அவன் நாவைக் காணிக்கையாகக் கேட்கும் வகுப்பே. ஒருமுறை நகைக்கப்பட்ட பிள்ளை மறுமுறை விடை சொல்ல எழுவதில்லை. எழாத பிள்ளையை மந்தன் என்று பதிவேட்டில் எழுதிவிடுகின்றனர். இதில் ஆங்கிலப் பித்தர் மட்டும் குற்றவாளிகள் அல்லர். செந்தமிழ் பேசு என்று அதட்டி, மலைத்தமிழைக் கொச்சை என்று ஒதுக்கும் தமிழாசிரியரும் அக்குற்றத்தில் பங்காளியே. கசப்பாயினும் இஃது உண்மை.

மலைத்தமிழ் எத்தகையது என்பதற்கு ஒரு காட்டு. நகரத்துப் பொத்தகத்தில் 'சாமை' என்று ஒரே சொல் உண்டு. கொல்லிமலை உழவர் வாயிலோ வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று வகைவகையாகப் பெயர்கள் உள. தினை என்றால் செந்தினை, பெருந்தினை. கேழ்வரகு என்றால் அரிசிக் கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு. ஒவ்வொரு பெயரும் ஒவ்வோர் அறிவு. கதிரின் வடிவம், மணியின் நிறம் என ஒன்றைப் பார்த்து அறிந்து சூட்டிய பெயர்கள் இவை. எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990கள் முதல் கொல்லிமலையில் இவ்வகைகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டனர். 2023ஆம் ஆண்டை ஒன்றிய நாடுகள் அவை சிறுகூலங்களுக்குரிய ஆண்டாகவே அறிவித்தது. உலகம் தேடி வரும் அறிவு மலைப்பாட்டியின் மடியில் முடிந்துகிடக்கின்றது!

ஆனால் அந்த முடிச்சு அவிழ்ந்து சிந்திக்கொண்டிருக்கின்றது. சவ்வரிசி ஆலைகளுக்கு விற்கும் மரவள்ளி, சாமையும் தினையும் விளைந்த நிலங்களை மிகுதியாகப் பிடித்துக்கொண்டது. உழவரைக் குறைகூறுதல் தகாது. காசு தரும் பயிரை நாடுவது வாழ்வின் தேவை. ஆயினும் விதை போனால் பெயர் போகும். பெயர் போனால் அறிவு போகும். மலைப்பள்ளி மாணவர் ஆளுக்கொரு குறிப்பேட்டில் தம் பாட்டன் பாட்டியர் சொல்லும் பயிர்ப்பெயர், மரப்பெயர், ஓடைப்பெயர், கருவிப்பெயர்களை எழுதிவரட்டும். ஓராண்டில் அப்பள்ளி ஓர் அகரமுதலியை ஈன்றுவிடும். அதனைத் தொகுத்த பிள்ளை தன் பேச்சுக்கு நாணுமா? தமிழாசிரியரே அப்பிள்ளையிடம் சொல் கேட்டு எழுதும் நாள் வரும். பட்டம் பெற்றவரும் படிக்காத பாடம் தன் வீட்டில் இருக்கின்றது என்று அறிந்த பிள்ளை, பள்ளியை விட்டு ஓடாது.

இங்கு ஒரு தடை எழும். பெற்றோர் கேட்பர்: "ஐயா, தமிழில் படித்தால் சோறு கிடைக்குமா?" இவ்வினாவைச் சினந்து ஒதுக்குதல் கூடாது; பசியிலிருந்து எழும் வினா அது. 2012–13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பெற்றபின், மலைப் பெற்றோரும் அப்பக்கம் திரும்புதல் இயல்பே. அவர்க்குச் சொல்லவேண்டிய விடை இரண்டு.

ஒன்று: ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பித்தல் வேண்டும், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் கணக்கையும் அறிவியலையும் புரியாத மொழியில் உருப்போடும் பிள்ளைக்கு, ஆங்கிலமும் வாராது, அறிவியலும் வாராது. வீட்டில் உதவ ஆளில்லாத முதல் தலைமுறை மாணவனுக்கு அவ்விழப்பு இரு மடங்கு.

மற்றொன்று: சட்டமே தமிழுக்குச் சில கதவுகளைத் திறந்துள்ளது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம், பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்வழியிற் படித்தவர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளித்தது. 2020இல் வந்த திருத்தம், பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியிலேயே முடித்திருத்தல் வேண்டும் என்று அதனை இறுக்கியது. அஃதாவது, பத்தாம் வகுப்பை இன்று எவ்வழியில் பிள்ளை படிக்கின்றது என்பது பத்தாண்டு கழித்து அதன் பணி உரிமையைத் தீர்மானிக்கும். இச்செய்தி மலையிலுள்ள எத்தனை பெற்றோரை எட்டியுள்ளது? எட்டச் செய்யவேண்டியவர் யார்? மேடைகளில் தமிழ்வழிக் கல்வி முழக்கமிடுவோர் அல்லரோ?

மூன்றாவது அளவுகோல் சுருக்கமானது: அப்பள்ளியிற் படித்தவர் அப்பள்ளிக்குத் திரும்பினரா? மலைப்பிள்ளை படித்து ஆசிரியராகி, செவிலியராகி, வேளாண் அலுவலராகி, தன் நாட்டுக்கே மீண்டால் அதுவே பள்ளியின் அறுவடை. கீழிருந்து வரும் ஆசிரியர் பலர் இடமாறுதல் ஆணையை எதிர்நோக்கியே நாள் கழிப்பதுண்டு; குடும்பத்தைக் கீழே விட்டுவந்தவர் நிலை அது. மலையிலே பிறந்த ஆசிரியர்க்கு அவ்வாணை வேண்டுவதில்லை. அவர் வீடும் மலையே. அவர் மொழியும் மாணவர் மொழியே.

ஆகவே, பெருமக்களே, மலைப்பள்ளியின் ஆண்டறிக்கையில் மூன்று புதிய பத்திகள் இடம்பெறட்டும். எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஏறியவர் எத்தனை பேர்? மலைத்தமிழ்ச் சொற்கள் எத்தனை வகுப்பறைக்குள் வந்தன? பழைய மாணவர் எத்தனை பேர் கற்பிக்கவும் உதவவும் திரும்பினர்? இம்மூன்று எண்களும் சென்ற ஆண்டினும் ஒன்றேனும் கூடுமாயின், அப்பள்ளி வளர்ந்தது. கூடாதாயின், வண்ணம் பூசிய சுவரும் புதிய நாற்காலிகளும் எதையும் மெய்ப்பிக்கமாட்டா.

இயக்கத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த ஆடித் திங்களில் ஓரி விழாவுக்கு மலையேறுவோர் மாலையோடு மட்டும் செல்லவேண்டா. ஆளுக்கு ஒரு தமிழ் அகரமுதலியும், இரண்டு அறிவியற் பொத்தகங்களும், தமிழ்வழிப் படிப்பின் பணி உரிமையை எளிய தமிழில் எழுதிய துண்டறிக்கையும் கொண்டுசெல்லட்டும். விழா முடிந்ததும் இறங்கிவிடாமல், அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரைக் கண்டு, ஒன்பதாம் வகுப்புக்கு வாராதவர் பட்டியலைக் கேட்கட்டும். அப்பட்டியலிலுள்ள ஒரு வீட்டுக்கேனும் நடந்து சென்று, திண்ணையில் அமர்ந்து, அந்தத் தாயோடும் தந்தையோடும் பேசட்டும். அவர்களுக்கு அறிவுரை சொல்லுமுன் அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும்.

ஓரி தன் பெயரைக் கேட்டு நாணினான். அவன் மலைப்பிள்ளை தன் பேச்சுக்கு நாணும்படி விட்டுவிட்டு அவன் புகழைப் பாடுதல், அவனை இரண்டாம் முறை கொல்வதாகும். அப்பிள்ளை நிமிர்ந்து நின்று தன் தமிழில் விடை சொல்லும் வகுப்பறையே ஓரிக்கு எடுக்கும் மெய்யான சிலை.

வாழ்க மலைத்தமிழ்! வளர்க மலைப்பள்ளி! வெல்க தமிழ்!